முக்கால் நிமிஷ ஆட்டம்

ஹாக்கியைப் பற்றி நமக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. தியான் சந்த் நம்மவர். 1936-ம் வருஷம் பெர்லின் நகரத்தில் ஜெர்மன் கோஷ்டியை 8-க்கு 1 என்று மண் கவ்வ வைத்தவர்கள் நாம். ஆனால் இந்தப் பெருமையையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு கனடாவில் போய் இறங்கி, "எனக்கு ஹாக்கி நன்றாகத் தெரியும்" என்று சொல்லிப் பாருங்கள். "ஸ்கேட்டிங் வருமா?" என்பதுதான் அடுத்த கேள்வி. அந்தத் தேசத்தில் ஐஸ் மேல் ஆடினால்தான் ஹாக்கி. நாம் ஆடுவதற்கு, போனால் போகிறது என்று, 'மைதான ஹாக்கி' என்று ஒரு தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

நேரில் பாராதவர்களுக்காக இரண்டு வார்த்தை. 200 அடி நீளம், 85 அடி அகலத்துக்கு ஒரு சிமெண்டுத் தரை. அதற்குள்ளே குழாய்களைப் புதைத்து, குளிர வைத்த உப்பு நீரை ஓட விட்டு, மேலே சுமார் ஓர் அங்குலக் கனத்துக்கு ஐஸ் கட்டச் செய்கிறார்கள். சுற்றிலும் இடுப்புக்கு மேல் உயரமான தடுப்புச் சுவர். பந்து கிடையாது. 3 அங்குல அகலமும் 1 அங்குலக் கனமும் உள்ள கறுப்பு ரப்பர் வில்லை. அதற்கு 'பக்' என்று பெயர். உளுந்து போட மறந்துவிட்ட இட்லியை நினைத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய சரியாக இருக்கும். அது துள்ளக் கூடாது என்பதற்காக ஆட்டத்துக்கு முன்னால் அதையும் குளிர்பெட்டியில் வைத்து உறைய வைக்கிறார்கள். ஒரு கட்சிக்கு ஒரு கோல் கீப்பர், ஐந்து ஆட்டக்காரர்கள். 1875 மார்ச் 3-ந் தேதி மாண்ட்ரீல் நகரத்தில், கட்டடத்துக்குள்ளே ஒழுங்குமுறையாக நடந்த முதல் ஆட்டத்தில் கட்சிக்கு ஒன்பது பேர் ஆடினார்கள். பிறகு இடநெருக்கடியை உத்தேசித்தோ என்னவோ, குறைத்துக்கொண்டே வந்து ஆறில் நிறுத்தியிருக்கிறார்கள்.

கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடும் சூரர்களைப் பற்றிப் பேப்பரில் படிக்கலாம். இந்த வாரம் நாம் பார்க்கப் போவது சம்பளம் வாங்காமல், பதிலுக்குச் சந்தா கட்டிவிட்டு ஆடுகிறவர்களை. பல் டாக்டர், லாரி டிரைவர், பள்ளிக்கூட உபாத்தியாயர், பாங்கு குமாஸ்தா, மளிகைக் கடைக்காரர் எல்லாரும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு இரவு பத்தரை மணிக்கு ஐஸ் மேல் இறங்குகிறார்கள். கனடாவிலும் அமெரிக்காவிலும் ஊருக்கு ஊர் இப்படி லீகுகள் உண்டு. 'பீர் லீக்' என்று செல்லப் பெயர். முகத்தைச் சுளிக்காதீர்கள்! ஆட்டம் முடிந்த பிறகு உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து ஆளுக்கொரு புட்டி குடித்துவிட்டுக் கதை பேசும் வழக்கத்தினால் வந்த பெயர் அது. நம் ஊராக இருந்தால் காபி லீக் என்று பெயர் வந்திருக்கும். இரவு பத்தரை மணி ஏன் என்றால், நல்ல நேரமெல்லாம் குழந்தைகளுக்கும் நடன ஸ்கேட்டிங் பயிலும் பெண்களுக்கும் போய்விடும். பெரியவர்களுக்குக் கிடைப்பது மிச்ச நேரம்தான். இது எனக்கு மிகவும் நியாயமாகப் படுகிறது.

இப்போது ஒரு சின்னக் கற்பனை. டொராண்டோ நகரத்தின் கீழ்ப் பகுதி ஸ்கார்பரோ. அங்கே நம் தமிழர்கள், முக்கியமாக யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து போய்க் குடியேறியவர்கள், ஏராளமாக இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் ஐஸ் ஹாக்கி பார்த்தே வளர்கிறவர்கள். நீங்கள் அங்கே ஓர் உத்தியோகத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வயது முப்பத்தெட்டு. கொஞ்சம் தொந்தி. பக்கத்து மேஜைக்காரர் ஒரு நாள், "எங்கள் கோஷ்டியில் ஓர் ஆள் குறைகிறது. நீங்கள் வருகிறீர்களா?" என்று கேட்கிறார். யோசிக்காமல் சரி என்று சொல்லிவிடுகிறீர்கள்.

முதலில் சாமான்கள். தலைக்கவசம், முகத்துக்குக் கம்பி வலை, தோளுக்கு மெத்தை, முழங்கைக்கு மெத்தை, கனத்த கையுறை, தொடை வரைக்கும் திணித்த கால்சட்டை, முழங்காலுக்குக் கவசம், கத்தி பதித்த பூட்ஸ், கழி. ராமாயண நாடகத்தில் ராவணன் வேஷத்துக்குக்கூட இவ்வளவு நேரம் பிடிக்காது. எல்லாம் ஒரு பெரிய பையில் அடங்கும். அந்தப் பை நாலு வாரத்தில் ஒரு வாசனை பெறும். அதை வீட்டுக்குள் எங்கே வைப்பது என்பதைப் பற்றி அந்த நாட்டுத் தம்பதிகளுக்குள் நடக்கும் விவாதங்களைத் தனியாக ஒரு தொடர்கதையாகவே எழுதலாம்.

அடுத்தது, உங்களை எந்தப் பிரிவில் போடுவது? திறமைக்குத் தகுந்தபடி முதல் பிரிவு, இரண்டாம் பிரிவு என்று நாலைந்து வகுப்புகள் உண்டு. உங்களுக்குக் கடைசி வகுப்பு. அதில் அவமானம் ஒன்றும் இல்லை. அவமானம் வேறோர் இடத்தில் இருக்கிறது. முதல் வகுப்பில் ஆட வேண்டிய சிலர், கோப்பை ஜயிக்கிற ஆசையில், வேண்டுமென்றே கீழ் வகுப்பில் பெயரைப் பதிந்துகொண்டு வந்து ஐந்தும் ஆறுமாகக் கோல் போட்டுவிட்டுப் போவார்கள். ஐந்தாம் வகுப்புப் பரீட்சையை எழுத பி.ஏ. படித்தவர் வந்து உட்காருவது போல. எல்லா ஊர் லீகிலும் இதைப் பற்றிப் புகார் உண்டு. அப்படி வாங்கிய கோப்பையை எந்த முகத்தோடு வீட்டு அலமாரியில் வைக்கிறார்களோ தெரியவில்லை.

பெரியவர்களின் லீகுகளில் பெரும்பாலும் உடம்பால் மோதித் தள்ளுவதற்கு அனுமதி இல்லை. சினிமாவில் பார்க்கிற குத்துச்சண்டையும் கிடையாது. மறுநாள் காலை எல்லாரும் ஆபீசுக்குப் போக வேண்டுமே! ஆனாலும் ஐஸ் ஐஸ்தான். முதல் மாதம் முழுவதும் நீங்கள் கற்றுக்கொள்வது இரண்டே இரண்டு: விழுவது, நிற்பது. விழுவது தானாக வரும். நிற்பதுதான் கஷ்டம். வேகமாகப் போகிறவன் பாதங்களைப் பக்கவாட்டில் திருப்பி, கத்தியால் ஐஸைச் சுரண்டிக்கொண்டு சடாரென்று நிற்க வேண்டும். அது வரும் வரையில் உங்களை நிறுத்துவது சுற்றுச் சுவர்தான்.

இதெல்லாம் கால் சமாசாரம். ஆறு மாதத்திலோ ஒரு வருஷத்திலோ எப்படியும் வந்துவிடும். ஆட்டக்காரராக ஆவதற்கு இது போதும். ஆனால் சகாவாக ஆவது? நான் பார்த்த வரையிலும் படித்த வரையிலும், அதற்குக் காலைவிட வேறு ஏதோ வேண்டியிருக்கிறது.

முதலாவதாக, பக்கை விட்டுக்கொடுப்பது. ஐஸ் ஹாக்கியின் கணக்குப் புத்தகத்தில் ஓர் அழகான வழக்கம் இருக்கிறது. கோல் போட்டவருக்கு ஒரு புள்ளி. அவருக்குப் பக்கைத் தள்ளிக் கொடுத்தவருக்கும் ஒரு புள்ளி. அவருக்கும் முன்னால் கொடுத்தவர் இருந்தால் அவருக்கும் ஒரு புள்ளி. மூவருக்கும் சமம், போட்டவருக்கு ஒரு பைசாகூட அதிகம் கிடையாது. கல்யாணத்தில் தாலி கட்டினவருக்கு எவ்வளவு மரியாதையோ, ஜாதகம் கொண்டுவந்தவருக்கும் அவ்வளவு மரியாதை! இந்த ஆட்டத்தின் சக்கரவர்த்தி என்று பெயர் பெற்ற வெய்ன் கிரெட்ஸ்கி தம் வாழ்நாளில் தேசிய லீகில் போட்ட கோல்கள் 894. அந்தச் சாதனையை 2025 ஏப்ரலில் ருஷ்யரான ஓவெச்கின் முறியடித்துவிட்டார். ஆனால் கிரெட்ஸ்கி மற்றவர்கள் கோல் போடுவதற்காகக் கொடுத்த உதவிகள் 1,963. இதை யாரும் நெருங்கவில்லை. வேறு எந்த ஆட்டக்காரரும், கோலையும் உதவியையும் சேர்த்துக் கூட்டினாலும், அவருடைய உதவிக் கணக்கு ஒன்றை மட்டுமே எட்ட முடியவில்லை.

புதிதாக வருகிறவர் இதைச் சீக்கிரமே புரிந்துகொள்கிறார். ஏனென்றால் பக் தம்மிடம் வந்தவுடன் அவருக்குப் பயம். யாரிடமாவது தள்ளிவிட்டால் போதும் என்று இருக்கும். ஆபத்து இரண்டாம் வருஷத்தில்தான். கொஞ்சம் ஸ்கேட்டிங் வந்துவிட்டது, இரண்டு பேரைத் தாண்டிப் போக முடிகிறது. அப்போது வலது பக்கம் ஒரு சகா தனியாக நின்று கழியைத் தரையில் தட்டித் தட்டிக் கூப்பிடுகிறார். காதில் விழுகிறது. ஆனாலும் விழவில்லை. இந்தச் செவிட்டுத்தனம் சிலருக்கு ஒரு வருஷத்தில் குணமாகும். சிலருக்கு ஐம்பது வயதிலும் குணமாவதில்லை.

இரண்டாவது சங்கதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. உள்ளதைச் சொன்னால், இந்தப் பகுதியை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

மில் தொழிலாளியின் ஷிப்டு எட்டு மணி நேரம். ஐஸ் ஹாக்கியிலும் ஷிப்டு என்றுதான் சொல்கிறார்கள். அதன் அளவு முக்கால் நிமிஷம்! ஐந்து பேர் ஐஸில் முழு மூச்சாக ஓடுகிறார்கள். நாற்பத்தைந்து விநாடி ஆனதும் அவர்கள் தடுப்புச் சுவரைத் தாண்டி வந்து பெஞ்சில் உட்கார, பெஞ்சில் இருந்தவர்கள் குதித்து இறங்குகிறார்கள். ஆட்டம் நிற்பதில்லை, பக் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. நடுவர் ஊதுவதில்லை, யாரும் பெயர் கூப்பிடுவதில்லை. எத்தனை தடவை வேண்டுமானாலும் மாறலாம். பந்தயக் குதிரைபோல் முழு வேகத்தில் ஓடுவதற்கு மனிதத் தேகத்தில் அவ்வளவு நேரத்துக்குத்தான் சரக்கு இருக்கிறது. அதற்கு மேல் கால் கனக்கும், மூச்சு முட்டும், கண் பார்க்கும், கை கேட்காது.

சம்பளக்கார ஆட்டத்தில் பயிற்சியாளர் ஒருவர் பெஞ்சுக்குப் பின்னால் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்று, "நீ இறங்கு, நீ வா" என்று சொல்கிறார். வராதவரை அடுத்த ஷிப்டில் உட்கார வைத்துவிடுகிறார். நம்முடைய பல் டாக்டர் - லாரி டிரைவர் கோஷ்டிக்குப் பயிற்சியாளர் ஏது? யார் எப்போது வெளியே வர வேண்டும் என்பதை அவரவரே தீர்மானிக்க வேண்டும். எல்லாரும் ஒரே சந்தா கட்டியவர்கள். எல்லாருக்கும் ஒரே ஆசை. பெஞ்சில் ஒருவர் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, சுவரில் ஒரு காலைப் போட்டபடி, "இதோ வருவார், இதோ வருவார்" என்று காத்திருக்கிறார். அவரும் மத்தியானத்திலிருந்து இந்த ஒரு மணி நேரத்தை நினைத்துக்கொண்டு ஆபீசில் கணக்குப் பார்த்தவர்தான். ஐஸில் இருப்பவரோ அவர் பக்கமே திரும்புவதில்லை. ஒரு நிமிஷம் ஆகிறது. ஒன்றரை நிமிஷம். இரண்டு நிமிஷம்.

வராதவர்களில் பல ரகம். கோல் போடும் சமயம் வரப்போகிறது என்று நம்பிக் காத்திருப்பவர் ஒரு ரகம். தாம் இல்லாவிட்டால் கோஷ்டி கவிழ்ந்துவிடும் என்று மனப்பூர்வமாக நம்புகிறவர் இன்னொரு ரகம். இவரைத் திருத்துவது மகா கஷ்டம், ஏனென்றால் இவர் தியாகம் செய்வதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். மூன்றாவது ரகத்துக்கு நேரமே தெரிவதில்லை. நாற்பத்தைந்து விநாடி என்று அவர் நினைப்பது, பெஞ்சில் இருப்பவரின் கடிகாரத்தில் இரண்டு நிமிஷம். இந்த மூன்றாவது ரகம்தான் பெரும்பான்மை என்பது என் அபிப்பிராயம். ஐஸில் இருக்கும்போது காலம் ஓடுகிறது. பெஞ்சில் இருக்கும்போது நடக்கிறது.

நேரத்தில் வருவதிலும் ஒரு சூக்ஷ்மம் உண்டு. களைத்துவிட்டது என்று நினைத்த இடத்தில் திரும்பி வந்துவிட முடியாது. பக் எதிரியின் கோலுக்குப் பக்கத்தில், தொலைவில் கிடக்கும்போதுதான் மாற வேண்டும். எதிரிகள் பக்கோடு நம் கோலை நோக்கி வரும்போது நீங்கள் பாட்டுக்குப் பெஞ்சைப் பார்த்துக் கிளம்பினால், உங்களுக்குப் பதில் வருகிறவர் சுவரைத் தாண்டுவதற்குள் பக் உங்கள் கோலுக்குள் இருக்கும். மூச்சு முட்டினாலும் இன்னும் பத்து விநாடி பல்லைக் கடித்துக்கொண்டு, பக்கைக் கைப்பற்றி, அதை எதிரியின் மூலைக்குத் தள்ளிவிட்டு, அதற்குப் பிறகுதான் வர வேண்டும். அவசரப்பட்டு நீங்கள் வருவதற்கு முன்பே அடுத்தவர் குதித்துவிட்டால் அதுவும் தப்பு. வெளியேறுகிறவர் பெஞ்சுக்கு ஐந்தடி தூரத்துக்குள் வந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆள் அதிகம் என்று நடுவர் இரண்டு நிமிஷத் தண்டனை கொடுத்துவிடுவார். இரண்டாவது பகுதியில் கட்சிகள் கோலை மாற்றிக்கொள்வதால், உங்கள் கோல் பெஞ்சிலிருந்து தூரமாகப் போய்விடுகிறது. அப்போது தற்காப்பில் நிற்பவர்கள் திரும்பி வருவது வெகு தூரப் பிரயாணம். முதல் பகுதியில் செய்த தாமதத்துக்கு அந்த இரண்டாவது பகுதியில் வட்டி சேர்த்துக் கட்ட நேரிடும்.

இதில் விளையாட்டுக்கு அப்பாற்பட்ட ஒரு விஷயமும் இருக்கிறது. நாற்பது வயதைத் தாண்டியவர்கள் வாரம் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு, ஒரு நாள் இரவு திடீரென்று முழு வேகத்தில் ஓடி, நிறுத்தி, மறுபடி ஓடுகிறார்கள். அந்தச் சமயத்தில் இதயம் துடிக்கும் வேகம் டாக்டர்கள் அந்த வயதுக்குச் சொல்லும் எல்லையை அநாயாசமாகத் தாண்டிவிடும். ஐஸ் மைதானத்தில் மாரைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர்கள் உண்டு. அதனால்தான் இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுத்து உயிர்ப்பிக்கும் பெட்டியைப் பல மைதானங்களில் சுவரிலேயே மாட்டி வைத்திருக்கிறார்கள். நல்ல கோஷ்டியில் அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். இன்னும் நல்ல கோஷ்டியில், முகம் வெளுத்துப்போய் வருகிற ஆளைப் பார்த்து, "அடுத்த ஷிப்டு நான் போகிறேன், நீங்கள் உட்காருங்கள்" என்று சொல்ல ஒருவர் இருப்பார். சொல்வது லேசல்ல. ஐம்பது வயது ஆண்பிள்ளையிடம் 'உனக்கு மூச்சு வாங்குகிறது' என்று சொல்வதைப் போல் அவமானம் வேறு உண்டா? ஆனால் கேட்கிறவர் கேட்டு உட்கார்ந்தால், இருவரும் ஒரே கோஷ்டி என்று அர்த்தம்.

கோபத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிரிக்கெட்டில் ஒருவர் முரட்டுத்தனம் செய்தால் அவர் பெயர் கெடும். ஐஸ் ஹாக்கியில் ஒருவர் காலைத் தட்டிவிட்டாலோ கழியால் அடித்தாலோ, அவரை இரண்டு நிமிஷம் ஒரு கூண்டில் உட்கார வைக்கிறார்கள். அவருக்குப் பதில் ஆள் கிடையாது. மீதி நாலு பேர் ஐந்து பேரோடு மல்லுக்கட்ட வேண்டும். அந்த இரண்டு நிமிஷத்துக்குள் எதிரி ஒரு கோல் போட்டுவிட்டால் உடனே கூண்டைத் திறந்து வெளியே விட்டுவிடுவார்கள். விடுதலை! அந்த விடுதலையைப் போன்ற கசப்பான விடுதலை வேறு கிடையாது. பெஞ்சில் யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். தண்ணீர்ப் புட்டியை மட்டும் அவர் பக்கம் நகர்த்துவார்கள். நாலு தரம் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருக்கும்.

இனி கோல் கீப்பர். இவர் தனி ஜாதி. எல்லாரும் மாறலாம், இவர் மாற முடியாது, கடைசி வரை நிற்க வேண்டும். இவருடைய கவசங்கள் மற்றவர்களுடையதைவிடப் பல மடங்கு விலை. எப்போதும் பஞ்சம். அதனால் பல கோஷ்டிகள் கோல் கீப்பரிடம் சந்தா வாங்குவதில்லை. கடைசி நேரத்தில் வர முடியாது என்று அவர் சொல்லிவிட்டால், ஊர் முழுவதும் டெலிபோன் போட்டு ஆள் தேடுவார்கள். ஐந்து பேர் செய்த ஐந்து தப்புகளுக்குப் பிறகுதான் பக் அவரிடம் வந்து சேர்கிறது. ஆனால் எண்ணிக்கைப் பலகையில் விழுவது அவர் தலையில். கோல் விழுந்தவுடன் அவரைத் திரும்பிப் பார்க்காமல் போகிறவர், தலையை ஆட்டிக்கொண்டு போகிறவர், கிட்டே வந்து அவருடைய காலில் கட்டிய மெத்தையைக் கழியால் இலேசாக ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போகிறவர் என்று மூன்று விதம் உண்டு. யார் எந்த விதம் என்பதை வைத்தே அந்தக் கோஷ்டி அடுத்த வருஷம் இருக்குமா என்று சொல்லிவிடலாம்.

பீர் லீகு கோல் கீப்பர்களுக்கு ஒரு கனவு இருந்தது. வட அமெரிக்காவின் தேசிய லீகில் ஒரு விதி இருந்தது: எந்தக் கட்சியின் இரண்டு கோல் கீப்பர்களும் அடிபட்டுவிட்டால் இறங்குவதற்கு, ஒவ்வோர் ஊர் மைதானத்திலும் உள்ளூர்க்காரர் ஒருவர் தயாராக இருக்க வேண்டும். அவர் மேலே உட்கார்ந்து வேடிக்கை பார்த்துவிட்டு வீடு திரும்புவதுதான் வழக்கமாக இருந்தது. 2018 மார்ச் 29-ந் தேதி சிகாகோவில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் ஸ்காட் பாஸ்டர். வயது 36. கணக்கர் உத்தியோகம். ஒரு காலத்தில் காலேஜுக்காக ஆடியவர். பிறகு பீர் லீகோடு சரி. அன்றைக்குச் சிகாகோ கோஷ்டியின் ஒரு கோல் கீப்பருக்கு ஆட்டத்துக்கு முன்பே அடி. இன்னொருவருக்கு நடு ஆட்டத்தில் உபாதை. கூப்பிட்டார்கள். கடைசிப் பதினாலு நிமிஷம் நின்றார். ஏழு அடி வந்தது, ஏழையும் தடுத்தார். சிகாகோ 6-2 என்று வின்னிபெக்கை ஜயித்தது.

இதைவிட எனக்கு ருசிக்கிறது டேவிட் அயர்ஸ் கதை. டொராண்டோவில் ஐஸ் மைதானத்தைப் பராமரிக்கும் வேலை. ஐஸை வழவழப்பாக்கும் ஜம்போனி வண்டியை ஓட்டியவர். அந்த வண்டி கலிபோர்னியாவில் பிராங்க் ஜம்போனி என்பவர் 1949-ல் செய்து முடித்தது. அதற்கு முன்னால் சில ஆட்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் சுரண்டித் தண்ணீர் தெளித்துச் செய்த வேலையை அது சில நிமிஷத்தில் செய்துவிடுகிறது. அயர்ஸுக்கு 2004-ல் சிறுநீரகம் மாற்றினார்கள். கொடுத்தவர் அவருடைய தாயார். 2020 பிப்ரவரி 22-ந் தேதி, அவருக்கு 42 வயது. டொராண்டோவுக்கு எதிராக ஆட வந்த கரோலினா கோஷ்டியின் இரண்டு கோல் கீப்பர்களும் அடிபட்டு வெளியேறினார்கள். அயர்ஸ் இறங்கினார், சொந்த ஊருக்கு எதிராக. வந்த முதல் அடி கோல். இரண்டாவதும் கோல். அந்த மனிதருக்கு எப்படி இருந்திருக்கும்?

இடைவேளையில் கரோலினா ஆட்டக்காரர்கள் அவருக்குத் தைரியம் சொன்னார்கள். எத்தனை கோல் விழுந்தாலும் கவலையில்லை, சந்தோஷமாக ஆடுங்கள் என்றார்கள். சொன்னதோடு நிற்கவில்லை. கடைசிப் பகுதியில் அந்த ஐந்து பேரும் அவருக்கு முன்னால் சுவர் எழுப்பினாற்போல் நின்று, டொராண்டோக்காரர்களை நல்ல இடத்திலிருந்து அடிக்கவே விடாமல் தடுத்தார்கள். மீறி வந்தவற்றை அயர்ஸ் பார்த்துக்கொண்டார். முதல் இரண்டுக்குப் பிறகு வந்த எட்டு அடியும் தடுக்கப்பட்டன. 6-3 என்று ஜயம். பத்திரிகைகள் எல்லாம் அயர்ஸின் படத்தைப் போட்டன. சரிதான். ஆனால் அந்த ஐந்து பேர் ஐந்து பேராக மாறி மாறி, ஒவ்வொரு முக்கால் நிமிஷமும் முதுகு ஒடிய ஓடியதை நினைத்தால் எனக்கு அந்தப் படத்தில் இன்னும் கொஞ்சம் இடம் வேண்டும் போல் இருக்கிறது.

இந்த ஆட்டம் நமக்கு அந்நியமே அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். லடாக்கில் குளிர்காலத்தில் குளம் உறைந்தால் குழந்தைகள் கழியோடு கிளம்பிவிடுகிறார்கள். அந்தப் பக்கத்துப் பெண்கள் பெரும்பான்மையாகச் சேர்ந்து அமைத்த இந்திய மகளிர் கோஷ்டி 2016-ல் முதல் முதலாகச் சர்வதேச ஆட்டத்தில் இறங்கித் தோற்றது. வருஷத்தில் இரண்டு மாதம்தான் ஐஸ். அதற்குள் கற்றதை வைத்துக்கொண்டு 2017-ல் பாங்காக்கில் பிலிப்பைன்ஸை 4-3 என்று ஜயித்தார்கள். அது அவர்களுடைய முதல் ஜயம். 2018-ல் கனடாவின் ஒலிம்பிக் வீராங்கனை ஹேலி விக்கன்ஹைசர் லடாக்குக்கே வந்து அந்தப் பெண்களோடு ஆடிவிட்டுப் போனார். 2025-ல் ஆசியக் கோப்பையில் வெண்கலப் பதக்கமும் வந்துவிட்டது.

எத்தனை வயது வரைக்கும் ஆடலாம் என்று கேட்கிறீர்களா? ஸ்னூபி என்ற நாய்க்குட்டியைச் சித்திரத் தொடரில் படைத்து உலகப் புகழ் பெற்ற சார்லஸ் ஷுல்ஸ் ஒரு ஹாக்கிப் பைத்தியம். கலிபோர்னியாவில் சாண்டா ரோசா என்ற ஊரில் 1969-ல் சொந்தச் செலவில் ஐஸ் மைதானமே கட்டிவிட்டார். 1975-ல் வயதானவர்களுக்கென்று அங்கே ஒரு போட்டியை ஆரம்பித்தார். நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் முதல் எழுபதைத் தாண்டியவர்கள் வரையில் வயதுவாரியாகப் பிரிந்து ஆடுவார்கள். ஷுல்ஸும் அதில் ஆடினார். எழுபது வயதுக்காரரின் ஷிப்டு எத்தனை விநாடி இருக்கும் என்று நான் கணக்குப் பார்க்கவில்லை. ஆனால் சுவரில் ஒரு காலைப் போட்டுக்கொண்டு காத்திருக்கும் இன்னொரு எழுபது வயதுக்காரர் நிச்சயம் இருப்பார்.

நம் ஸ்கார்பரோ ஆளை, அதாவது உங்களை, மறந்துவிடவில்லை. மூன்றாவது வருஷம் வந்துவிட்டது. தொந்தி கொஞ்சம் குறைந்திருக்கிறது. இதுவரை மொத்தம் நாலு கோல்; அதில் ஒன்று உங்கள் முதுகில் பட்டுத் திரும்பியது. இப்போதெல்லாம் மூச்சு கனக்கும்போது உங்கள் தலை தானாகப் பெஞ்சுப் பக்கம் திரும்புகிறது. போன வாரம் நீங்கள் பக்கை மூலைக்குத் தள்ளிவிட்டு வந்து உட்கார்ந்த பத்தாவது விநாடியில், உங்களுக்குப் பதில் இறங்கிய லாரி டிரைவர் அதே பக்கை மீட்டுக் கோல் போட்டார். கணக்குப் புத்தகத்தில் உங்கள் பெயர் வராது. அவர் திரும்பி வரும்போது கையுறையால் உங்கள் தலைக்கவசத்தில் ஓர் அடி அடித்துவிட்டுப் போனார். அது இன்னமும் வலிக்கிறது.

இந்த வாரம் ஆட்டம் இரவு பத்தே முக்காலுக்கு. வெளியே பனி கொட்டுகிறது. பையைக் காரில் ஏற்றியாகிவிட்டது. டெலிபோன் மணி அடிக்கிறது. கோல் கீப்பர்தான். குழந்தைக்கு ஜுரமாம், வர முடியாதாம். ஒன்பது மணிக்குள் ஒரு கோல் கீப்பர் வேண்டும். உங்களுக்கு யாரையாவது தெரியுமா?